கேட்டதாகச் சொன்ன மன்னிப்பு

அத்தியாயம் 14

போன வாரம் தாரணி சபை முகாம் வாசலில் காடியை நிறுத்திவிட்டு, இறங்குவதா திரும்பிப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாளே, அவள் இறங்கிவிட்டாள். இறங்கியதோடு நிற்கவில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்து காலாவதியான மருந்துகளையெல்லாம் குப்பையில் போட்டாள். வந்த அரைமணி நேரத்துக்குள் 'மிஸி' என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டாள். ஜாசின் சபையில் நர்ஸை யாரும் நர்ஸ் என்று கூப்பிடுவதில்லை.

வழக்கமாக வரும் மிஸிக்கு இந்த வருடம் பிரசவம். பாஸ்டர் ஹரிதாஸ் மலாக்காவில் அவள் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே போய்க் கேட்டதால் தாரணியால் தட்ட முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்தக் குடும்ப முகாமின் பக்கமே தலைகாட்டாத பெண். அவள் வந்ததில் அதிகம் சந்தோஷப்பட வேண்டியவள் தாய் உஷாராணி. ஆனால் சனிக்கிழமை காலை, தொண்ணூறு பேர் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உஷாராணி நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் மண்டபச் சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பத்தரை மணி, சாட்சி, சகோதரர் திருச்செல்வம்.

திருச்செல்வம் அவள் கணவர். ஜாசின் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். ஒரு காலத்தில் குடியர். 'கொஞ்சம் குடிப்பார்' என்று நாசூக்காகச் சொல்லும் ரகம் இல்லை. தாரணி ஆறாம் வகுப்புப் படித்த வருடம், ஆகஸ்டு மாதத்தில் ஒரு சாயங்காலம், பாட்டிலை ஒளித்துவைத்தாள் என்று மகளைப் பிடித்துத் தள்ளினார். படிக்கட்டில் விழுந்த பிள்ளைக்கு இடது முழங்கை உடைந்தது. ஆஸ்பத்திரியில் சிமெண்ட் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுதாக நிமிரவில்லை, இன்றுவரைக்கும்.

அதே வருடம் டிசம்பரில், தஞ்சோங் பிடாரா பக்கத்தில் நடந்த முகாமுக்கு நாற்காலியும் மெத்தையும் ஏற்றிவர இவருடைய லோரியைப் பிடித்தார்கள். இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியவரை மழை பிடித்துக்கொண்டது. சாலை மூழ்கி மூன்று நாள் லோரி நகரவில்லை. வேறு வழியில்லாமல் தங்கினார். வேறு வழியில்லாமல் பிரசங்கம் கேட்டார். குடிக்க ஒன்றும் கிடைக்காமல் இரண்டு நாள் கைகால் நடுங்கிக் கிடந்தார். யார் யாரோ மாறி மாறிக் கஞ்சி ஊட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில், கடற்கரை மணலில் முழங்கால் போட்டு அழுதுகொண்டிருந்தவரை அப்போதைய பாஸ்டர் கைபிடித்து எழுப்பினார். அன்றிலிருந்து திருச்செல்வம் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. போன மனிதர் வேறு, திரும்பி வந்தவர் வேறு என்பதை உஷாராணி கண்ணால் பார்த்தாள். மூன்று நாளில் ஒரு மனிதனை இப்படித் திருப்பிக் கொடுக்கிற இடத்தைச் சாதாரணமாக நினைக்க முடியுமா? அடுத்த வருடம் அவளும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள்.

பொய் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறு வருட முகாமில், கர்த்தர் தன்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்ல அவரை மேடையேற்றினார்கள். பேசி முடித்ததும் அந்தப் பழைய பாஸ்டர் மைக்கை வாங்கி, மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா பிரதர் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். கேட்கவில்லை. கை உடைந்த உடனேயே உஷாராணி மகளைத் தெங்கேராவிலிருந்த தன் அக்கா மீனம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள். அப்பா வந்தால் பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் நூறு முகங்கள் ஆவலாகப் பார்க்கும்போது இல்லை என்று சொல்ல திருச்செல்வத்துக்கு நாக்கு எழவில்லை. கேட்டேன் பாஸ்டர் என்றார். மண்டபமே ஸ்தோத்திரம் சொன்னது.

அந்த ஒரு வார்த்தை அதற்கடுத்த வருடம் வளர்ந்தது. மகளின் காலில் விழுந்ததாகச் சொன்னார். அதற்கும் அடுத்த வருடம், மகள் சிமெண்ட் கட்டுப் போட்ட கையைத் தூக்கி அப்பாவின் கண்ணீரைத் துடைத்தாள். கேட்டவர்களும் தங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது மட்டுமா, சாட்சியைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் இரண்டு பேர், பேச்சில்லாமல் இருந்த மனைவியைத் தேடிப்போய்க் கூட்டிவந்தவர் ஒருவர். பொய் சொன்னால் வாய் வேகும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறோம். இந்தப் பொய்க்கு நல்ல விளைச்சல் வந்ததுதான் கொடுமை.

உஷாராணி அந்தச் சாட்சியைப் பதினொரு தடவை கேட்டாள், பதினொரு தடவையும் வாயைத் திறக்கவில்லை. இந்தச் சாட்சி அவரைத் தாங்கி நிறுத்தியிருக்கிறது, ஒரு கழியை உருவினால் கூடாரமே சரிந்துவிடும், மறுபடி பாட்டில் வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயந்தாள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் இத்தனை நாளும் மகள் இங்கே இல்லை.

பசியாறல் முடிந்ததும் கணவரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். இன்றைக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்களேன் என்று கெஞ்சினாள். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்களே என்றார் அவர்.

"தாரணி இருக்கா, என்னங்க."

"இருக்கட்டும்லா. அவளும் கேக்கட்டும். நல்லதுதானே."

சட்டைக் கை பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். அந்த முகத்தில் ஒரு சலனம் தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. சொல்லிச் சொல்லி இவரே நம்பிவிட்டார் என்று இத்தனை வருடமும் தான் நினைத்தது சரிதான் என்று அவளுக்கு உறுதியானது.

சரி, அவரை நகர்த்த முடியாவிட்டால் மகளை நகர்த்துவோம் என்று அடுத்த வேலையில் இறங்கினாள். சமையலுக்குச் சந்தான் பால் பத்தாது, மஸ்ஜித் தானா டவுனுக்குப் போய் நாலு பொட்டலம் வாங்கிவா என்று தாரணியிடம் சொன்னாள். சமையலில் கூட இருந்த கலைமகள் வெள்ளந்தியாக, தேங்காய்ப்பால் நிறைய இருக்கிறதே அக்கா என்று பெட்டியைத் திறந்து காட்டினாள். உஷாராணி அவளை முறைத்த முறைப்பில் பெட்டி தானாக மூடிக்கொண்டது. தாரணி அம்மாவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காடி கிளம்பும் சத்தத்துக்காக உஷாராணி காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்ட சத்தம் வேறு. கடற்கரையில் விளையாடிய ஒரு சின்னப் பெண்ணுக்குச் சிப்பி குத்திக் கால் கிழிந்துவிட்டது. அலறிக்கொண்டு நேராக மண்டபத்துக்குள் ஓடி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தன் தாயின் மடியில் ஏறிக்கொண்டது. இறங்கவே மாட்டேன் என்றது. காடிக்குப் போகும் வழியிலேயே திரும்பிய மிஸி அங்கேயே தரையில் உட்கார்ந்து காலைக் கழுவ ஆரம்பித்தாள். அப்போது மணி பத்து முப்பத்தைந்து.

சமையல்கட்டுச் சுவரிலும் ஒரு ஒலிபெருக்கி உண்டு. சமைக்கிறவர்கள் ஆசீர்வாதத்தை இழந்துவிடக்கூடாது என்று யாரோ நல்ல மனதோடு மாட்டியது. அதில் திருச்செல்வத்தின் குரல் வந்ததும் உஷாராணி கரண்டியைக் கையில் பிடித்தபடியே மண்டபத்தின் பக்கவாசலுக்கு ஓடினாள். மகள் கடைசி வரிசையில் பஞ்சும் கையுமாக இருப்பதைப் பார்த்ததும் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.

திருச்செல்வமும் பார்த்தார். லோரி, மழை, நடுக்கம், கஞ்சி எல்லாம் சொல்லி முடித்து, வீட்டுக்குத் திரும்பிய இடத்துக்கு வந்திருந்தார். மகளைக் கண்டதும் பேச்சு நின்றது. நீண்ட நேரம் நின்றது. முன்வரிசைக்காரர்கள் அவருக்குத் தொண்டை அடைக்கிறது என்று நினைத்து ஸ்தோத்திரம் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். விட்டுவிடுங்கள், இதோடு இறங்கிவிடுங்கள் என்று உஷாராணி மனதுக்குள் மன்றாடினாள்.

அவர் விடவில்லை. காலில் விழுந்ததைச் சொன்னார். சிமெண்ட் கட்டுப் போட்ட சின்னக் கை தன் கன்னத்தைத் தடவியதைச் சொன்னார். குரல் உடைந்து அழுதார். அந்த அழுகை மட்டும் நிஜம்.

தாரணியின் கையில் பேண்டேஜ் பாதி சுற்றியபடி நின்றது.

முன்வரிசையில் கந்தசாமி என்று ஒரு பெரியவர். ஒன்பது வருடமாக மகனோடு பேச்சுவார்த்தை கிடையாது என்று நேற்று இராச் சாப்பாட்டில்தான் உஷாராணியிடம் சொல்லியிருந்தார். அவர் தள்ளாடி எழுந்தார். சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு, கண்ணீர் ஒழுகும் முகத்தோடு வெளியே போனார். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் அவர் போனைக் காதில் வைப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

பாஸ்டர் ஹரிதாஸ் இந்தச் சபைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். அந்த மகள் இன்றைக்கு நம் நடுவில் இருக்கிறார் என்று அறிவித்து, மைக்கை வரிசை வரிசையாகப் பின்னால் கொடுத்தனுப்பினார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க, சிஸ்டர். கர்த்தர் மகிமைக்காக."

தாரணி எழுந்து நின்றாள். தொண்ணூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, மேடையையும் பார்க்கவில்லை. பக்கவாசலில் கரண்டியோடு நின்ற தாயைப் பார்த்தாள். உஷாராணி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அதிலேயே மகளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா," என்றாள் தாரணி.

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து மீதி பேண்டேஜையும் சுற்றி முடித்தாள். மண்டபம் கைதட்டிப் பாட ஆரம்பித்தது.

பத்து நிமிடத்தில் அவள் சமையல்கட்டுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் கலைமகள் மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு தட்டுக் கழுவப் போய்விட்டாள். எத்தனை வருடமாக இது நடக்கிறது என்று தாரணி கேட்டாள். பதினொரு வருடம், இன்றோடு பன்னிரண்டு தடவை என்றாள் உஷாராணி. ஒவ்வொரு தடவையும் நீங்கள் இங்கே இருந்தீர்களா என்று தாரணி கேட்டாள்.

"நான் சமையல்லதான்மா இருந்தேன்."

"மைக் சத்தம் இங்க நல்லா கேக்குதே."

தாரணி சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அவள் கிளினிக்கில் நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் பேசியதுதான் தாய்க்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அந்தக் கட்டைத் தீபாவளிக்கு முன்னாடியே பிரிச்சாச்சு. கேம்ப் டிசம்பர்லலா. யாராவது ஒருத்தர் கணக்குப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியும். கட்டுப் பிரிக்க என்னைக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான்."

அப்படியானால் ஏன் ஆமாம் என்றாய் என்று உஷாராணி மெல்லக் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தத் தாத்தா வெளிய போய் மகனுக்குப் போன் அடிக்கிறாரு. மகன் எடுத்துட்டான் போல, தூண்ல சாஞ்சு அழுவுறாரு. அதைப் பார்த்துக்கிட்டே இல்லன்னு எப்படிமா சொல்றது? அவருக்காகச் சொன்னேன். அப்பாவுக்காக இல்ல, உங்களுக்காகவும் இல்ல." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "இப்ப நானும் சேர்ந்து சொல்லிட்டேன்."

பிறகு அவள் ஒன்றைச் சொன்னாள். நாளை காலை முகாம் முடிகிற ஆராதனையில் திருவிருந்து. சபை மூப்பராக அப்பா அப்பத் தட்டை ஏந்தி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். பாஸ்டர் கேட்டதற்காக மட்டுமில்லை, தானும் அந்த வரிசையில் நிற்க ஆசைப்பட்டுத்தான் வந்ததாகச் சொன்னாள். நேற்று மாலை கடற்கரையில் எல்லாரும் மௌன ஜெபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அப்பாவை நினைத்தபோது நெஞ்சு இறுகவில்லையாம். அவர் வந்து கேட்டால் மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியதாம்.

"இப்ப அவர் கேட்டுட்டாராம், நானும் மன்னிச்சுட்டேனாம். எனக்குக் கொடுக்க ஒண்ணுமே மிச்சம் இல்லமா."

சொல்லிவிட்டு முதலுதவி அறைக்குப் போய்விட்டாள். உஷாராணி அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் சுரணை வந்தது.

திருச்செல்வம் வந்தபோது அவர் முகம் மழை விட்ட வானமாக இருந்தது. பார்த்தாயா, எல்லார் முன்னாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள், கர்த்தர் பெரியவர் என்று பூரித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். உஷாராணி தண்ணீர் கொடுக்கவில்லை. பதினொரு வருடமாகத் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்தது.

"நீங்க அவகிட்ட மன்னிப்புக் கேக்கவே இல்லைங்க."

அவர் கோபப்படுவார், மறுப்பார், நான் கேட்டேனே என்று சாதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அரிசி மூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரியும்," என்றார்.

நம்பிவிட்டார் என்று நினைத்து உஷாராணி எத்தனை வருடம் இவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

"ஒவ்வொரு வருஷமும் நெனைப்பேன், உஷா. மேடையில சொல்லிட்டு, நேரா தெங்கேரா போயி கேட்டுடணும், அப்ப இது பொய் இல்லாம ஆயிரும்னு. லோரியை எடுத்துக்கிட்டு மீனம்மா வீட்டு முனை வரைக்கும்கூடப் போயிருக்கேன். ஆனா சொல்லி முடிச்சு, எல்லாரும் வந்து கட்டிப் பிடிச்சு அழுதாங்கன்னா, கேட்ட மாதிரியே மனசு லேசாயிருது. அப்புறம் கேக்கத் தோணல."

அதற்குப் பதிலாகத்தான், வளர்ந்துவிட்ட மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் காடியின் டயருக்குக் காற்றடித்தார், எண்ணெய் மாற்றினார், கண்ணாடியைத் துடைத்தார். அதையெல்லாம் தகப்பனின் பாசம் என்று நினைத்து உஷாராணி உருகியிருக்கிறாள். பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது.

"அவ முதலுதவி அறையிலதான் இருக்கா. முப்பதடிகூட இல்ல. எந்திரிச்சுப் போங்க. யாரும் இல்லாம தனியா கேளுங்க."

அவர் எழுந்தார். போனார். சமையல்கட்டுச் சன்னலிலிருந்து உஷாராணி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலுதவி அறைக்குப் போகும் நடைபாதை மண்டபத்து வாசலைத் தாண்டித்தான் போகும். அங்கே நாலைந்து ஆண்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். சாட்சி முடிந்தால் இப்படிக் காத்திருப்பது வழக்கம். ஒருவர் அவர் கையைப் பற்றிக்கொண்டு, எனக்காக ஜெபம் பண்ணுங்கள் பிரதர் என்று அழுதார்.

திருச்செல்வம் அந்த அறையின் கதவைப் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது. பிறகு கண்ணை மூடி, அந்த மனிதரின் தலையில் கையை வைத்தார்.

உஷாராணிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினாள். முப்பதடியைக் கடக்க முடியாத மனிதன் ஊருக்கு வழி காட்டுகிறாராம். திட்டித் தீர்த்த பிறகு வேறொன்று உறைத்தது. அவரை நிறுத்துவதற்கு ஜெபம் கேட்கும் மனிதர்களாவது இருந்தார்கள். தன்னை இத்தனை வருடமாக யார் நிறுத்தியது? மகளைத் தெங்கேராவில் விட்டுவிட்டுக் குடித்த புருஷனோடு வீட்டுக்குத் திரும்பியவள் அவள்தான். வாரம் தவறாமல் மகளைப் பார்க்கப் போய், முகாமில் அப்பா என்ன சொல்கிறார் என்பதை மட்டும் சொல்லாமல் வந்தவளும் அவள்தான். தாரணியிடம் கேட்கப்படாத மன்னிப்பு ஒன்றல்ல, இரண்டு.

கலைமகளைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கொடுத்தாள். அடிப்பிடித்ததை மேலாக எடுத்துப் பரிமாறச் சொன்னாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடைபாதையில் இறங்கி நடந்தாள். கண்ணை மூடி உரக்க ஜெபித்துக்கொண்டிருந்த கணவரை இடித்துக்கொள்ளாத குறையாகத் தாண்டிப் போனாள்.

தாரணி கட்டிலில் பையை வைத்து உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காடிச் சாவி மேசைமேல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"போறதுன்னா போ, நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிறேன்." உஷாராணியின் குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாக வந்தது. வெளியே கேட்கும் என்று தெரிந்தது. குறைத்துக்கொள்ளவில்லை. "உன் கை உடைஞ்ச அன்னைக்கு நான் உன்னை அனுப்பினேன், அவரை வச்சுக்கிட்டேன். அப்புறம் இந்தப் பொய்யையும் வச்சுக்கிட்டேன். அப்பா கேப்பாரோ மாட்டாரோ எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிரு, தாரணி."

தாரணியின் கை பைக்குள் அப்படியே நின்றது.

வெளியே நடைபாதையில், ஜெபச் சத்தம் பாதியில் நின்றுபோயிருந்தது.